காணாமற்போன விண்மீன்கள்

விண்மீன் மண்டலம் ஒன்றின் படத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அதன் நடுப்பகுதியே மிகப் பிரகாசமாகத் தெரியும். விண்மீன்கள் அங்குதான் நெருக்கமாகக் குழுமியுள்ளன. ஆனால், பூமியிலிருந்து ஏறக்குறைய 200 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்.ஜி.சி. 1600 எனும் மாபெரும் மண்டலத்தின் நடுப்பகுதி, அதன் அளவுக்குப் பொருந்தாத வகையில் மங்கலாக உள்ளது. அங்கு இருக்க வேண்டிய விண்மீன்கள் எங்கே சென்றன?

பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவே, சூரியனைப் போல் பல மில்லியன் மடங்கு அல்லது பல பில்லியன் மடங்கு நிறையுடைய கருந்துளை இருக்கிறது. இரண்டு மண்டலங்கள் மோதி இணையும்போது, அவற்றின் கருந்துளைகள் புதிய மண்டலத்தின் நடுப்பகுதியை மெல்ல வந்தடைந்து, ஒன்றையொன்று சுற்றத் தொடங்குகின்றன.

கருந்துளை என்றாலே அனைத்தையும் விழுங்கிவிடும் என நாம் எண்ணுகிறோம். இங்கு நடப்பது வேறு. இந்த இணையை நெருங்கும் விண்மீன்களுள் பெரும்பாலானவை, சுற்றிவரும் கருந்துளைகளிடமிருந்து ஆற்றலைப் பெற்று, கவண்கல்லைப் போல் வெளியே வீசப்படுகின்றன. 1979ஆம் ஆண்டில் வாயேஜர் விண்கலங்கள் வியாழனை நெருங்கிச் சென்று கூடுதல் வேகம் பெற்றதும் இவ்வாறுதான். அந்த வேகம் இலவசமாகக் கிடைத்ததன்று. வியாழன் தன் இயக்க ஆற்றலில் அணுவளவை இழந்தது. அத்துணைப் பெரிய கோளுக்கு அஃது ஒரு பொருட்டே அன்று. கருந்துளை இணையின் கதை அப்படியன்று. ஒரு விண்மீன் கொண்டுபோகும் ஆற்றல் சிறிதுதான் என்றாலும், பில்லியன் கணக்கான விண்மீன்கள் அடுத்தடுத்து வீசப்படும்போது, ஆற்றலை இழந்த இரு கருந்துளைகளும் மேலும் மேலும் நெருங்குகின்றன. அதாவது, விண்மீன்களை வெளியேற்றித்தான் அவை ஒன்றையொன்று நெருங்க முடிகிறது!

என்.ஜி.சி. 1600இன் நடுவே 17 பில்லியன் சூரியன்களின் நிறையுடைய கருந்துளை இருப்பதாக, சுங்-பெய் மா எனும் வானியல் பேராசிரியரின் குழு 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. நடுப்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட விண்மீன்களின் மொத்த நிறை, 40 பில்லியன் சூரியன்களுக்குச் சமமாக இருக்கலாம் எனவும் மதிப்பிடப்பட்டது. இஃது ஒவ்வொன்றாக எண்ணிப் பெற்ற கணக்கன்று. நடுப்பகுதி எவ்வளவு ஒளிர வேண்டும், உண்மையில் எவ்வளவு ஒளிர்கிறது என்ற வேறுபாட்டிலிருந்து பெறப்பட்டது. இல்லாத ஒளியே இங்குச் சான்றாகிறது.

அந்த இரு கருந்துளைகளும் இப்போது ஒன்றாகக் கலந்திருக்கலாம். வீசப்பட்ட விண்மீன்களுள் பல, அதே மண்டலத்தின் வெளிப்பகுதியில் இன்னும் உலவிக்கொண்டிருக்கும். மிக வேகமாக எறியப்பட்டவையோ மண்டலத்தின் ஈர்ப்பையும் மீறி, மண்டலங்களுக்கு இடையே உள்ள இருளுக்குள் சென்றிருக்கும். அவை திரும்பி வாரா.