ஹெட்செட் மாட்டிய ஹீரோ

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. நாலு பேர் பங்கு போட்டு வாடகை கொடுக்கிறார்கள். இருவர் தமிழர், இருவர் தெலுங்கர். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அலுவலக கேப் வாசலில் வந்து நின்றிருக்கும். நால்வருமே கச்சிபௌலி, மாதாப்பூர் பக்கம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள். அன்று விடுமுறை. கம்ப்யூட்டரை டி.வி.யில் இணைத்து 'டிஸ்பேட்ச்' என்ற கேமைப் போட்டார்கள். முதல் பாகம் ஓடி முடிந்து, இரண்டாம் பாகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மதுரைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “டேய், இது நம்ம வேலைடா!”

அவர் சொன்னது சரிதான்.

டிஸ்பேட்ச் ஒரு சூப்பர் ஹீரோ கதை. ஆனால் அதன் நாயகன் ராபர்ட் ராபர்ட்சனுக்குப் பறக்கத் தெரியாது, சுவரில் ஏறத் தெரியாது. அவனுடைய தாத்தா, அப்பா, அவன் என்று மூன்று தலைமுறையாக ஓர் இயந்திரக் கவசத்துக்குள் புகுந்து 'மெக்கா மேன்' என்ற பெயரில் நகரத்தைக் காத்த குடும்பம். கதை தொடங்கியதுமே அந்தக் கவசம் குண்டுவெடிப்பில் நாசமாகிவிடுகிறது. பிழைத்து எழுந்தவனிடம் மிச்சம் இருப்பது அனுபவமும் வாயும் மட்டும்தான். பிளாண்ட் பிளேஸர் என்ற நாயகி அவனை ஒரு நிறுவனத்துக்கு அழைத்துச் செல்கிறாள். ஆபத்தில் இருக்கும் மக்கள் அங்கே அழைப்பார்கள். எந்தச் சம்பவத்துக்கு எந்த ஹீரோவை அனுப்புவது என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதுதான் அவனுக்குக் கிடைக்கும் வேலை. ஹெட்செட், கண்ணாடித் தடுப்பு, பக்கத்து மேசைக்காரர்கள், காபி. அவன் கையில் ஒப்படைக்கப்படும் அணியில் இருப்பவர்களோ, திருந்தி வாழ வந்திருக்கும் முன்னாள் வில்லன்கள். சொன்னபடி கேட்கிற ஆட்கள் அல்ல.

1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தோடு ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டி திறக்கப்பட்டது முதல், இரவில் கண்விழித்து வேறு தேசத்துக்காரரின் பிரச்சினையைக் கேட்பது இந்த ஊரில் ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே தங்கி வேலை செய்பவர்களும் ஏராளம். டிக்கெட் வரும், நேரக்கெடு ஓடும், யாரிடம் தள்ளலாம் என்று பார்க்க வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் கத்தினாலும் குரல் மாறக்கூடாது. இதையெல்லாம் ஒரு சூப்பர் ஹீரோ செய்வதைப் பார்க்கும்போது அந்த நால்வருக்கும் உண்டான நெருக்கத்தை, ஸ்பைடர் மேன் நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே ஊஞ்சலாடியபோது நான் அவர்களிடம் பார்த்ததில்லை.

இந்த கேமைச் செய்த அட்ஹாக் ஸ்டுடியோ, டெல்டேல் நிறுவனத்தில் முன்பு வேலை செய்தவர்கள் 2018-இல் தொடங்கியது. டெல்டேல் என்றால் 2012-இல் வந்த 'தி வாக்கிங் டெட்' நினைவுக்கு வரும். சுடுவதையும் ஓடுவதையும் குறைத்து, என்ன பேசுவது, யாரைக் காப்பாற்றுவது என்பதையே விளையாட்டாக்கிக் காட்டிய தொடர் அது. 2016-இல் பேட்மேனை வைத்தும் அதே பாணியில் ஒன்று செய்தார்கள். டிஸ்பேட்ச் அந்த மரபின் வாரிசு. 2025 அக்டோபர் 22-ஆம் தேதி முதல் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு பாகமாக மொத்தம் எட்டு பாகங்கள் வெளிவந்தன. ராபர்ட்டுக்குக் குரல் கொடுத்தவர் 'பிரேக்கிங் பேட்' தொடரில் நடித்த ஆரன் பால். வாரா வாரம் வந்ததால் நம் ஊர் வார இதழ்த் தொடர்கதைபோல, அடுத்தது என்ன என்று இடைப்பட்ட நாட்களில் பேசிப் பேசியே பலர் இதைக் கொண்டாடினார்கள்.

கொண்டாப்பூர் வீட்டார் எட்டு பாகமும் வந்து முடிந்த பிறகே தொடங்கினார்கள். அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி, ஓர் இரவுக்கு இரண்டு பாகம், அதற்கு மேல் கிடையாது. எனக்கு இது மிகச் சரியான முடிவு என்று படுகிறது. எட்டையும் ஒரே மூச்சில் விளையாடினால் முடிவுகளின் கனம் தெரியாமலே கதை கடந்து போய்விடும். இரண்டு பாகம் முடித்து, கீழே போய் இரானி டீ குடித்துக்கொண்டே 'நீ ஏன் அவளிடம் அப்படிச் சொன்னாய்' என்று சண்டை போட்டதில்தான் அவர்களுக்குப் பாதி கேம் கிடைத்தது.

விளையாட்டின் மையம் ஒரு நகர வரைபடம். அதில் ஆங்காங்கே அழைப்புகள் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரம் கரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஓர் ஐங்கோணப் படம் உண்டு. சண்டைத் திறன், உடல் வலு, வேகம், பேச்சுச் சாமர்த்தியம், அறிவு என்று ஐந்து முனைகள். எதில் கெட்டிக்காரரோ அந்தப் பக்கம் வடிவம் நீண்டிருக்கும். வந்திருக்கும் வேலைக்கும் அதேபோல ஒரு வடிவம் உண்டு. ஆனால் அது முதலில் கண்ணில் படாது. அழைப்பின் வாசகத்தைப் படித்து நாம்தான் ஊகிக்க வேண்டும். ஆளை அனுப்பி வேலை முடிகிற நேரத்தில் இரண்டு வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு சதவீதம் வாய்ப்பு. பிறகு ஒரு சிறு பந்து அந்தக் கோணத்துக்குள் அங்குமிங்கும் மோதித் துள்ளும். உள்ளே நின்றால் வெற்றி, வெளியே நின்றால் தோல்வி. எண்பது சதவீதம் காட்டியும் பந்து வெளியே போய் நின்ற ஒரு தருணத்தில், அந்த அறையில் நாலு பேரும் தலையில் கை வைத்தார்கள்.

இங்கேதான் முதல் பாடம். விளையாடியவர் மிரட்டல், துப்பாக்கி என்ற சொற்களைப் பார்த்ததும் பலசாலியை அனுப்பிவிடுவார். ஆரம்பத்தில் அவர்கள் தோற்ற வேலைகளில் பாதி இப்படித்தான் போனது. நால்வரில் கரீம்நகர்க்காரர் மட்டும் ஒவ்வோர் அழைப்பையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். 'சமாதானப்படுத்த', 'கூட்டம்', 'உடனே' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும், எந்த முனை தேவை என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தினமும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் உண்மையான குறை எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவருக்கு இது கைவந்த கலை.

இரண்டாவது பாடத்தை ஒரு நள்ளிரவுத் தோல்வி கற்றுக்கொடுத்தது. அணியில் இருந்த அத்தனை பேரையும் சின்னச் சின்ன வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய அழைப்பு ஒன்று வந்தது. போனவர்கள் திரும்பி வர வேண்டும். வந்தாலும் ஓய்வெடுத்த பிறகுதான் மறுபடி கிளம்ப முடியும். அழைப்பு கண்ணெதிரே காலாவதியானது. அதற்குப் பிறகு எப்போதும் ஓர் ஆளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டார்கள். காயம் பட்டு வந்தவரை மறுபடி அனுப்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். காயத்தோடு போனால் திறன் குறையும், இன்னொரு அடி விழுந்தால் அந்த ஷிஃப்ட் முழுக்க அவர் இல்லை.

இனி வரும் இரண்டு பத்திகளில் கதையின் இரண்டு திருப்பங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக விளையாட இருப்பவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

மூன்றாம் பாகத்தில், அணியிலிருந்து ஒருவரை நீக்கியாக வேண்டும் என்ற உத்தரவு வருகிறது. யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்ற தரவரிசை தெரிய ஆரம்பிக்கிறது. உடனே அணிக்குள் ஒருவரையொருவர் கவிழ்க்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் அணியில் இருக்கும் சோனார், கூப்பே இருவரில் யாரை நீக்குவது என்று ராபர்ட்டாக இருக்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வீட்டில் அதுவரை கேட்ட சிரிப்புச் சத்தம் அத்தோடு நின்றது. நால்வரில் ஒருவர் முந்தைய வேலையை ஆட்குறைப்பில் இழந்தவர். ஒரு மின்னஞ்சல், பத்து நிமிடக் காணொளி அழைப்பு, அவ்வளவுதான். ரிமோட்டைப் போலக் கைமாறிக்கொண்டிருந்த கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. “நீங்களே அமுக்குங்க, என்னால முடியாது” என்றார். வானத்தில் பறந்து வில்லனை அடிக்கும் காட்சி எதுவும் இந்த ஒரு பொத்தானுக்கு ஈடாகாது என்பது என் தீர்மானமான கருத்து.

அடுத்து, காலியான இடத்துக்கு ஆள் எடுக்கும் கட்டம். ஒரு பக்கம் எல்லாத் திறனும் வாய்ந்த ஃபெனோமமேன். இன்னொரு பக்கம் அதே அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டு, என்றாவது ஹீரோவாகிவிட மாட்டோமா என்று ஏங்கும் வாட்டர்பாய். அவனுடைய ஐங்கோணம் ஒரு புள்ளியளவுதான். மூன்று பேர் பலசாலி பக்கம், ஒருவர் மட்டும் துப்புரவுப் பையன் பக்கம். அந்த ஒருவர் தன்னுடைய லேப்டாப்பில் தனியாக ஆரம்பத்திலிருந்து விளையாடி வாட்டர்பாயையே எடுத்தார். முதலில் எளிய வேலைகளுக்கு மட்டும் அனுப்பினார். தேறத் தேறக் கிடைத்த புள்ளிகளை ஒரே முனையில் போட்டு வளர்த்தார். கடைசிப் பாகங்களில் அந்தப் பையன் தனியாகப் போய் வென்றுவந்தபோது அவர் அடைந்த பெருமை, பலசாலியை எடுத்த மூவருக்கும் வாய்க்கவில்லை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

ஹீரோவின் சக்தி செல்லாமல் போகும் இடத்தில்தான் இந்த வகைக் கதைகள் மனதில் தங்குகின்றன. இன்சோம்னியாக் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஸ்பைடர் மேன் கேமை விளையாடியவர்களிடம் கேட்டால், ஊஞ்சலாட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிவிட்டு, மே அத்தையின் கட்டிலருகே ஸ்பைடர் மேனான பீட்டர் நிற்கும் காட்சிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். டிஸ்பேட்ச் ஆட்டத்தின் பெரும்பகுதியையே அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தியிருக்கிறது. நாயகனால் ஓடிப் போய் உதவ முடியாது. யாரையாவது அனுப்பலாம், காதில் தைரியம் சொல்லலாம், காத்திருக்கலாம்.

உரையாடல்களிலும் நேரக்கெடு உண்டு. சில நொடிக்குள் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ வசன எழுத்துகள் இல்லை; வேகமான அமெரிக்கக் கொச்சை ஆங்கிலம். ஆகவே ஆங்கில வசன எழுத்துகளைப் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒருவர் படித்துச் சொல்ல, இன்னொருவர் பொத்தானை அமுக்க என்று இவர்கள் பிரித்துக்கொண்டது நல்ல ஏற்பாடு. சண்டைக் காட்சிகளில் சட்டென்று பொத்தான் அமுக்கும் பகுதி கை ஓடாதவர்களுக்குத் தொல்லையாக இருக்கும். அதை நிறுத்திவிட்டுக் காட்சியாக மட்டும் பார்க்கவும் தொடக்கத்திலேயே வழி இருக்கிறது. கதைக்காக வருகிறவர்கள் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தப்பாகிவிட்டது என்று பின்னால் போய்த் திரும்ப விளையாடாதீர்கள் என்பது நால்வரும் ஒரே குரலில் சொல்வது. தோற்றாலும் கதை நகர்கிறது. தோல்விக்கென்றே எழுதப்பட்ட வசனங்களைத் தவறவிடுவது பெரிய நஷ்டம். வேண்டுமானால் எட்டையும் முடித்துவிட்டு இரண்டாம் முறை வேறு வழியில் போகலாம்.

பெற்றோருக்கு ஒன்று. கார்ட்டூன் போல இருக்கிறதே என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். கெட்ட வார்த்தைகளும் நிர்வாணக் காட்சிகளும் உள்ள, பெரியவர்களுக்கான கேம் இது. நிர்வாணத்தை மறைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. பேச்சு அப்படியேதான் இருக்கும்.

நான்காவது இரவில் கீழ் வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தார். அக்கா என்ற சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது என்பதால் நால்வருக்குமே அவர் அக்கா. சில ஆண்டுகள் அவசர உதவி அழைப்பு மையம் ஒன்றில் அழைப்பு எடுத்தவர். 108 ஆம்புலன்ஸ் சேவை பிறந்ததே இந்த ஹைதராபாத்தில்தான். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொடங்கி, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. திரையில் அழைப்புகள் முளைப்பதையும் பந்து துள்ளுவதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். கேமில் அழைப்பு வரும்போதே இடம் வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது. அவருடைய வேலையில் பாதி நேரம் போனது அதைக் கேட்டு வாங்குவதில்தான். அழுவார்கள், சீக்கிரம் வாங்க என்று கத்துவார்கள், எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே அவர் சார்பில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 108-ஐ அழைக்க நேர்ந்தால் முதல் வாக்கியத்திலேயே ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பெட்ரோல் பங்க்கோ பள்ளியோ எது என்று சொல்லிவிடுங்கள். என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம். மறுமுனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.