சொல்லும் விலையும் முடிந்த விலையும்

வீட்டை விற்கப்போகிறோம் என்று தெரிந்தால் போதும், தெருவில் ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள். மதுரை திருநகரில் அப்பா கட்டிய வீட்டை விற்க நானும் அக்காவும் முடிவெடுத்தபோதும் அப்படித்தான். அத்தனையும் கேட்கிற விலை. யாரும் கைநீட்டி வாங்கிய விலை இல்லை. மதிப்புப் போட நான் நம்புவது முடிந்த கிரயத்தை மட்டும்தான்.

அதைத் தேடத் தோதான இடம் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எல்லோரும் தங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பார்கள்; நான் பக்கத்து உட்பிரிவு எண்களுக்கும் போட்டேன். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை என்றொரு கட்டம் இருக்கும், சொத்து விவரத்தில் அளவு இருக்கும். வகுத்தால் சதுரடி விலை கிடைத்துவிடும். ஆனால் பலர் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகை காட்டிப் பத்திரம் போடுகிறார்கள். அதனால் அந்த வீடுகளைக் குறித்துக்கொண்டு வாங்கியவர்களிடமே போய்க் கேட்டேன். வாங்கி முடித்தவருக்கு மறைக்கப் பெரிய காரணம் இல்லை. ஒருவர் விலையைச் சொன்னதோடு, தெருக்குத்து என்பதால் எவ்வளவு குறைத்துக் கேட்டார் என்பதையும் சொன்னார். இந்தத் தகவல் எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. 2017-இல் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. 2023-இல் பழைய நிலைக்கே கொண்டுபோனது. எங்கள் தெருவில் இடத்தின் விலை அப்படி இறங்கி ஏறவில்லை. ஆனாலும் வழிகாட்டி மதிப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்திரத்தில் காட்டும் விலையைவிட அது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக்கு வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

கட்டடத்துக்கு என்ன விலை என்பதில்தான் பெரிய வாக்குவாதம். "அண்ணே, இடத்துக்குத்தான் காசு. கட்டடத்த இடிக்கத்தான் போறாங்க" என்றார் தரகர். அக்காவுக்கோ அப்பா போட்ட தேக்கு நிலையும் கதவும் பெரிது. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்தோம். அவர் கதவைப் பார்க்கவில்லை. சன்ஷேடுக்கு அடியில் துருப்பிடித்த கம்பி பூச்சைத் தள்ளிக்கொண்டு நின்ற இடத்தைத்தான் நின்று பார்த்தார். அவர் கணக்கு இது: கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சுவது பத்து சதவீதம். 30 ஆண்டான வீடு 45 சதவீதம் தேய்ந்துவிட்டது. இன்று அதே வீட்டைக் கட்ட 22 லட்சம் ஆகும் என்றால், நிற்கிற கட்டடத்தின் மதிப்பு 12 லட்சம் சொச்சம். குடியிருக்க வருபவர் இதை ஒத்துக்கொள்வார். இடித்துக் கட்ட வருபவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நம் பகுதியில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் இந்தத் தொகையைச் சேர்க்க வேண்டும். இடம் 2001-க்கு முன்பே வாங்கியதாக இருந்தால், 1.4.2001 தேதிக்கான மதிப்பையும் மதிப்பீட்டாளரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். மூலதன ஆதாய வரிக் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

பலர் விட்டுவிடுவது வாங்குபவரின் வங்கிக் கடனை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பைப் போடுவது வங்கியின் மதிப்பீட்டாளர். பிளான் அப்ரூவல் இல்லாத மாடியை அவர் கணக்கில் சேர்க்காமல் போகலாம். அவர் போட்டதற்கு மேல் நாம் கேட்கும் ஒவ்வொரு ரூபாயையும் வாங்குபவர் கையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், மூலப்பத்திரம் எல்லாம் தயாராக இருந்தால்தான் பேரத்தில் நம் விலை நிற்கும். ஒன்று குறைந்தாலும் அதைச் சொல்லியே அடிப்பார்கள்.

இவ்வளவையும் மேசைமேல் பரப்பிவைத்து, நானும் அக்காவும் இரண்டு தொகைகளை எழுதிக்கொண்டோம். ஒன்று வெளியே சொல்வது, இன்னொன்று இதற்குக் கீழே இறங்குவதில்லை என்பது. இரண்டாவதைத் தரகரிடம் சொல்லவே இல்லை.