சுத்தம் பேணும் தேனீக்கள்

கேள்வி: தேனீக்கள் தம் கூட்டில் தோன்றும் வியாதியைத் தாமே அகற்றிக்கொள்ளுமாமே; அது பழக்கத்தால் வருவதா, பிறவிக் குணமா?

பதில்: பிறவிக் குணமே. அமெரிக்க விஞ்ஞானி வால்டர் ராத்தன்பியூலர் 1964-இல் வெளியிட்ட பரிசோதனை அதற்குப் போதிய சாட்சி. புழுக்களை அறைக்குள்ளேயே அழுகச் செய்யும் பாக்டீரியா நோய் தாக்குகையில், ஒரு வம்சத்துத் தேனீக்கள் மெழுகு மூடியைத் திறந்து செத்த புழுவை வெளியே எறிந்துவிட, வேறொரு வம்சத்தவையோ பிணத்தோடு குடித்தனம் செய்வதைக் கண்ட அவர், இரண்டையும் கலந்து, பிறந்த சந்ததியை மீண்டும் சுத்தம் பேணும் வம்சத்தோடு சேர்த்து, 29 குடும்பங்களை உண்டாக்கினார். அவற்றில் 6 குடும்பங்கள் முறையாகச் சுத்தம் செய்தன. 9 குடும்பங்கள், நம் அலுவலகங்கள் சிலவற்றைப்போல, மூடியைத் திறந்ததோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டன. திறக்கவே அறியாத எஞ்சிய 14-இல், அவரே மூடியை அகற்றிக் கொடுத்தபோது, 6 குடும்பங்கள் பிணத்தை அப்புறப்படுத்தின!

திறப்பதற்கு ஒரு மரபணு, எறிவதற்கு ஒரு மரபணு என்று அவர் ஊகித்தார். விஷயம் அவ்வளவு எளிதன்று, மரபணுக்கள் பல என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் அந்த ஊகத்தின் அழகு குறையவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

சுத்தம் பேணும் இக்குணமுள்ள ராணிகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்குவதை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து மார்லா ஸ்பிவாக் ஒரு முறையாகவே வளர்த்தார்: அடையின் ஒரு பகுதியிலுள்ள புழுக்களைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்துக் கொன்று, அடையைக் கூட்டில் திரும்ப வைத்து, எத்தனை அறைகள் காலியாகின்றன என்று எண்ணிப் பார்ப்பது.