தீர்வையைச் செலுத்துபவர் யார்?

இறக்குமதித் தீர்வை என்பது வெளிநாட்டுப் பொருள் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது அரசாங்கம் அறவிடும் வரி. இதைப் பொருளை அனுப்பிய நாடே செலுத்துகிறது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அப்படியன்று. அதைச் சுங்கத்தில் கட்டுபவர் நமது நாட்டு இறக்குமதியாளர். அவரும் அதைத் தம் தலையில் சுமந்துகொண்டிருப்பதில்லை. மொத்த வியாபாரி, கடைக்காரர் எனக் கைமாறி, பெரும்பகுதி உங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்து சேருகிறது.

சிறு கணக்கொன்றைப் பாருங்கள். வெளிநாட்டு வெங்காயம் கிலோ 100 ரூபாவுக்கு வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 50 ரூபா தீர்வை விதித்தால் அது 150 ரூபாவாகிறது. இப்போது உள்ளூர்க் கமக்காரரும் தமது வெங்காயத்தை அந்த விலைவரை உயர்த்தி விற்கலாம். வெளிநாட்டு வெங்காயத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திறைசேரிக்குப் போகிறது. உள்ளூர் வெங்காயத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது தோட்டக்காரரிடம் போகிறது. (இடையில் தரகர் எடுப்பது வேறு கதை.) இரண்டும் வாங்குபவரின் பணமே.

அப்படியானால் தீர்வை தீயதா? அவசரப்பட வேண்டாம். 1970 முதல் 1977 வரை நமது நாட்டில் நடந்ததை வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அன்றைய அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. அது தீர்வையிலும் கடுமையான கட்டுப்பாடு; மதில் என்றே சொல்லலாம். அந்த மதிலுக்குள் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்தன. செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்கள், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள், பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்கள் பலர். உத்தியோகம் கிடைக்காத படித்த வாலிபர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி பெற்று மிளகாய் நட்டு நிமிர்ந்தனர்.

ஆனால் அதே காலத்தில் மதிலுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதே மிளகாயைக் கூலிக்காரர் வீட்டிலும் உயர்ந்த விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. துணிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றதை மறந்தவர் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில், உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீடும் குறைக்கப்பட்டபோது, விற்பதற்கு எதையும் விளைவிக்காத மலையகத் தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். ஆகவே 'நாட்டுக்கு நன்மை' என்று யாராவது சொன்னால், நாட்டில் எவருக்கு என்று கேட்பது உங்கள் உரிமை.

1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு பெரும்பாலான இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கித் தீர்வைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கடைகள் நிறைந்தன, வாங்குவோர் மகிழ்ந்தனர். வெளியிலிருந்து வந்த மிளகாயும் வெங்காயமும் விலையை இடித்துத் தள்ளின. கைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மதில் என்றைக்குமே நிற்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தறியில் கை பழகிய பெண் ஒரு வரவு செலவுத் திட்ட உரைக்குள் வேறு தொழில் கற்றுக்கொள்வாளா? பொருள் ஒரு கிழமையில் கப்பலேறி வந்துவிடும். தொழிலாளி மாறுவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

தொழில்களையும் தீர்வை ஒரேவிதமாகத் தொடுவதில்லை. துணிக்குத் தீர்வை வந்தால் நெசவாளிக்கு ஆறுதல். நூலுக்கு வந்தால் அதே நெசவாளிக்கு இடி. 2018இல் அமெரிக்கா வெளிநாட்டு உருக்குக்கு 25 வீதம் விதித்தபோது உருக்காலைகள் மகிழ்ந்தன. உருக்கை வாங்கி இயந்திரமும் பாத்திரமும் செய்யும் தொழிற்சாலைகளோ திண்டாடின. அவற்றில் வேலை செய்வோரின் தொகை உருக்காலைத் தொழிலாளரிலும் பன்மடங்கு. இதை அறிந்தே 1978இல் ஆரம்பமான கட்டுநாயக்க வலயத்தில் ஏற்றுமதி ஆடைக்கான துணியைத் தீர்வையின்றிக் கொண்டுவர இடமளித்தார்கள்.

அந்த ஆடைகளுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. 2025 ஏப்ரலில் அந்நாடு இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தது. ஆகஸ்டில் அது 20 வீதமாகக் குறைந்து நடைமுறைக்கு வந்தது. அதைச் சுங்கத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் முதலில் செய்வது, ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நமது தொழிற்சாலையிடம் விலை பேசுவது. தொழிற்சாலை இணங்கினால் மேலதிக நேர வேலை குறையலாம், அடுத்த கட்டளை வேறு நாட்டுக்குப் போகலாம். தகப்பன் வெங்காயம் நட்டு, மகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் வீட்டில், இங்கே தீர்வை கூட வேண்டும் என்று ஒருவர் விரும்ப, அங்கே தீர்வை குறைய வேண்டும் என்று மற்றவர் ஏங்குவார்.