கத்தி வேண்டாம் என்று சொல்லும் முன்

திருவேற்காட்டில் எங்கள் தெருவிலேயே புற்று வந்த இரண்டு வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். "கத்தி பட்டால் புற்று பரவிடும்" என்று ஒரு மாமா பயமுறுத்துவார். "எண்டோஸ்கோபியிலேயே முடிச்சிடுங்க" என்று வெளியூரிலிருந்து மகன் போனில் அவசரப்படுத்துவான். படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. கத்தியால் புற்று பரவும் என்பது வெறும் பயம்.

நேற்றுத் தின்ற சோறு இன்று அப்படியே வாந்தியாக வந்தால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் அடைத்திருக்கலாம். இரைப்பைப் புற்று, கணையப் புற்று இரண்டிலும் இது வரும். கட்டியை முழுதாக எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவதுதான் முறை. முடியாதபோதுதான் கேள்வி: அடைப்பில் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைப்பதா, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பதா? இந்த இணைப்பு அறுவையை வூல்ஃப்ளர் என்ற அறுவை மருத்துவர் 1881-லேயே வியன்னாவில் செய்துவிட்டார். இன்று லேப்ராஸ்கோபியிலும் செய்கிறார்கள்.

ஸ்டென்ட் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. என் அண்ணனுக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் குழைந்த ரசம் சாதம் சாப்பிட்டார், வீடே கொண்டாடியது. மூன்றாம் மாதம் மறுபடி வாந்தி. கம்பிவலையின் கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்துவிட்டது. அப்போது அறுவையைத் தாங்கும் உடம்பு அவருக்கு இல்லை. கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சக்கை போன்ற நார் சிக்கினாலும் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். பித்தநாளத்தின் வாயை அது மூடிவிட்டால், பின்னால் காமாலை வரும்போது எண்டோஸ்கோபி வழியாகச் சரிசெய்வது கடினம். நெதர்லாந்தில் 39 பேரிடம் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது: ஸ்டென்ட் வைத்தவர்கள் சீக்கிரம் சாப்பிட்டார்கள், அறுவை செய்தவர்கள் அதிக நாள் சாப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயுள் எதிர்பார்த்தால் அறுவை, இல்லையேல் ஸ்டென்ட் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். வயிற்றில் நீர் கோத்து மிகவும் தளர்ந்தவருக்கு ஸ்டென்ட்டே போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

புதிதாக, அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோபி வழியாகவே இரைப்பையையும் குடலையும் இணைக்கிறார்கள். 2024-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுசிகிச்சை தேவைப்பட்டது இதில் 4 சதவீதம், சாதாரண ஸ்டென்ட்டில் 29 சதவீதம். தேர்ந்த கை வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது.

தயவுசெய்து பதறாதீர்கள். மூக்குக் குழாயால் இரைப்பையை வடித்து, டிரிப்பில் பொட்டாசியத்தைச் சரிசெய்ய ஓரிரு நாள் எப்படியும் ஆகும். யோசிக்க அந்த நாட்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்கள் அப்பாவுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தெம்பு உண்டு. ஸ்கேனையும் பயாப்சி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கோ போய், எண்டோஸ்கோபி செய்பவர், அறுவை செய்பவர் இருவரிடமும் காட்டுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவர் கேட்கும்படியே பேசச் சொல்லுங்கள்.