ஹெட்போன் ஆம்ப் வாங்கப் போகும் தம்பிக்கு



சித்தூரிலும் திருப்பதியிலும் ஒலிப்பதிவுக்காரருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 2008-இல் திருமலை தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கிய பிறகு கச்சேரி, ஹரிகதை, உபந்யாசம் என்று ஏதாவது ஒன்று பதிவாகிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் காத்திருக்கிறது. வீட்டுப் பரண்களிலும் பஜனை மடத்து அலமாரிகளிலும் கிடக்கும் கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் கணினிக்கு மாற்றும் வேலை அது. அதை அவசரமான வேலை என்றே சொல்ல வேண்டும். திருமலைக் கோயிலில் கிடைத்த செப்பேடுகளில் அன்னமாச்சாரியாரின் பாடல் வரிகள் இருக்கின்றன, ராகத்தின் பெயரும் இருக்கிறது. ஸ்வரக் குறிப்பு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. வரிகள் செம்பில் பிழைத்துக்கொண்டன. அவர்கள் பாடிய விதம் ஒலிநாடாவில்தான் இருக்கிறது, நாடாவுக்குச் செம்பின் ஆயுள் கிடையாது.

இந்த இரண்டு வேலைக்கும் காதுதான் கருவி. காதுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஹெட்போன் ஆம்ப்.

அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆம்புக்குள் என்ன நுழையப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் மேசையில் ஒரே வாரத்தில் ஐந்து விதமான மூலங்கள் வந்து போகும். ரிக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 மில்லிவோல்ட் தரும். வீட்டுக் கேசட் டெக்கின் லைன் அவுட் ஏறத்தாழ 0.3 வோல்ட். போனில் செருகும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் அளவில் தரும். தொழில்முறை மிக்சரின் சாதாரண அளவே 1.23 வோல்ட், தவில் அடி விழுந்தால் அது பல மடங்கு எகிறும். சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை போகும். கார்ட்ரிட்ஜுக்கும் சி.டி.க்கும் இடையே 400 மடங்கு வித்தியாசம். இத்தனை மூலங்களுக்கும் ஒரே கெயினில், அதாவது ஒரே பெருக்க மடங்கில், ஓடும் ஆம்ப் ஒத்துவராது.

2011-இல், தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 'ஓ2' என்ற ஹெட்போன் ஆம்பை வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் அளவீடுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். பாடமாகப் படிக்க வேண்டிய சாதனம் அது. வழக்கமான ஓ2-வில் கெயின் சுவிட்ச் இரண்டு நிலையில் நிற்கும்: 2.5 மடங்கு, 6.5 மடங்கு. அதில் கெயின் முதலில் நடக்கிறது, வால்யூம் திருகு அதற்குப் பிறகுதான் வருகிறது. சி.டி. பிளேயரின் 2 வோல்ட்டை 6.5 மடங்கில் விட்டால் 13 வோல்ட் ஆக வேண்டும். ஆம்பின் எல்லையோ சுமார் 7 வோல்ட். அலையின் உச்சி வெட்டுப்படும், குரல் கரகரக்கும். வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்புப் போகாது. வெட்டுப்பட்ட ஒலியே சன்னமாகக் கேட்கும். பாடகரின் குரல் கம்முகிறது என்று முடிவு கட்டும் முன் கெயின் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலுவான மூலத்துக்குக் குறைந்த கெயின், 0.3 வோல்ட் கேசட் டெக்குக்குக் கூடுதல் கெயின். கெயின் சுவிட்ச் இல்லாத ஆம்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பல மூலங்களோடு வேலை செய்கிறவர் வாங்க வேண்டாம்.

மூலம் தெரிந்த பிறகு ஹெட்போனுக்கு வரலாம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல் தரும். உச்சத்தில் 110 டெசிபலைத் தொட அதற்கு 0.7 வோல்ட் போதும். போன் டாங்கிளே அதை ஓட்டிவிடும், தனி ஆம்ப் தேவையில்லை. சென்ஹைசர் எச்டி 600 அப்படியல்ல. 300 ஓம், சுமார் 97 டெசிபல்; அதே உச்சத்துக்கு ஏறக்குறைய இரண்டரை வோல்ட் கேட்கும். பேயர்டைனமிக் டிடி 770 புரோவின் 250 ஓம் வகையும் கிட்டத்தட்ட அவ்வளவே கேட்கும். டாங்கிளின் 1 வோல்ட்டில் எச்டி 600 சுமார் 102 டெசிபலோடு நின்றுவிடும். பேச்சுக்கு அது தாராளம். மெல்லிய ஆலாபனையில் தொடங்கித் தனி ஆவர்த்தனத்தில் முடியும் கச்சேரிக்குப் போதாது. ஆம்ப் தன் விலைக்கு உழைப்பது இங்கேதான்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. ஆம்பின் அவுட்புட் மின்தடை, ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை சரி. பழைய ஸ்டீரியோ ஆம்புகளில் ஹெட்போன் ஜாக், ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். நூறு ஓமைத் தாண்டுவதும் உண்டு. ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்பின் ஒரு தரநிலையே ஒரு காலத்தில் 120 ஓம் என்று வைத்திருந்தது. அப்படியொரு ஜாக்கில் 32 ஓம் ஹெட்போனைச் செருகி மிருதங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பல ஹெட்போன்களில் அடித்தொனி உப்பி, இடந்தலையான தொப்பியின் கும்கி தளர்ந்து நீளும். கேட்பவர் அதை நம்பி மிக்சரில் பாஸைக் குறைப்பார். பதிவு வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது தொப்பி வற்றிப்போயிருக்கும். வாசித்த வித்வான் மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு காதுக்குள் பல டிரைவர் வைத்த இயர்போன்களில் இது இன்னும் மோசம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அவற்றின் மின்தடை மாறுவதால் குரலின் நிறமே மாறிவிடும்.

இசைத்தட்டு தனி உலகம். 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. கையில் கிடைத்தால் கார்ட்ரிட்ஜை நேராக ஹெட்போன் ஆம்பில் செருகிவிடாதீர்கள். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளை ஏற்றியிருப்பார்கள். 1954 முதல் அதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு உண்டு. அதைத் திருப்பிச் சரிசெய்யும் போனோ ப்ரீஆம்ப் நடுவில் இருந்தாக வேண்டும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காலத்து 78 சுற்றுத் தட்டுகளுக்கு அந்த அளவும் பொருந்தாது, எல்.பி. முள்ளும் பொருந்தாது. எல்.பி. முள்ளின் நுனி சுமார் 18 முதல் 25 மைக்ரான் ஆரம். 78-க்கு 75 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் தேய்ந்து இரைச்சலைத்தான் அள்ளிவரும்.

இந்த வேலைக்கு ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அது பெரிய வரம். 78 தட்டை மோனோவில் கேட்டால் முள் மேலும் கீழும் குதிக்கும் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். கேசட்டிலோ அது பழுது கண்டுபிடிக்கும் கருவி. பஜனைக் கேசட் ஒன்றை ஓடவிட்டு மோனோவை அழுத்துங்கள். ஜால்ராவின் கிணுகிணுப்பு மங்கினால் டெக்கின் ஹெட் நாடாவுக்கு நேராக இல்லை என்று பொருள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே ஒரு இடத்தில் ஜால்ரா பளிச்சென்று திறந்துகொள்ளும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். பதிவான டெக்குகள் வேறு வேறு.

திருமலை நாத நீராஜன மேடை போன்ற திறந்தவெளிக்குப் போகும்போது ஆம்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்க மூடிய ஹெட்போன்தான் தேவை. 63 ஓம், 106 டெசிபல் கொண்ட சோனி 7506 ரிக்கார்டரின் சொந்த ஜாக்கிலேயே நன்றாக ஓடும். வெளிச் சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்க நியோஷ் நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். போன செவிப்புலன் திரும்பாது, தம்பி.

வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, வேறெங்கு போனாலும் சரி, உங்கள் ஹெட்போனையும் மூலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பாட்டு எதுவும் ஓடாமல் வால்யூமை ஏற்றி, இருப்பதிலேயே உணர்திறன் கூடிய இயர்போனில் இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகியும் கழற்றியும் கேளுங்கள். செருகியபோது மட்டும் உறுமினால் அது எர்த் சிக்கல், ஆம்பை மாற்றித் தீராது. இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் செருகியிருக்கும்போதே மல்ட்டிமீட்டரில் இரண்டின் வோல்ட்டையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஆம்பே பெரும்பாலும் நல்லதாகத் தோன்றும்.

இப்போதிருக்கும் ஜாக்கே உங்கள் ஹெட்போனுக்குப் போதுமென்று கணக்கில் தெரிந்தால் ஆம்ப் வாங்குவதைத் தள்ளிவையுங்கள். அந்தப் பணத்தில் முதலில் 78-க்கான முள்ளையும் நல்ல போனோ ப்ரீஆம்ப் ஒன்றையும் வாங்குங்கள்.

அன்புடன்,
மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவர்