செயலும் அதன் பொருளும்

ஒருவன் கண்ணிமை ஒருமுறை மூடித் திறக்கின்றது. அது தானே நேர்ந்த துடிப்போ, தோழனுக்குக் காட்டிய குறிப்போ? புறத்தே தோன்றும் அசைவு இரண்டிலும் ஒன்றே, பொருளோ வேறு. ஆங்கிலத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் காட்டிய இவ்வுதாரணத்தைக் கொண்டு, அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ், 1973-இல் வெளியிட்ட நூலில், சமூக ஆராய்ச்சிக்கு ஒரு நெறி வகுத்தார். செயலை மட்டும் எழுதாது, செய்வோர் அதற்குக் கொள்ளும் பொருளையும் உடன் எழுதுக என்பதே அந்நெறி.

1958-இல் அவர் தம் மனைவியாருடன் பாலித் தீவின் சிற்றூர் ஒன்றை அடைந்தார். ஊரார் அவர்களைக் கண்டும் காணாதார்போல் இருந்தனர். ஒருநாள், தடைசெய்யப்பட்டிருந்த சேவற்போர் நடந்த களத்தில் போலீஸார் புகுந்தனர். ஏனையோரைப் போலவே அவ்விருவரும் ஓடினர். மறுநாள் முதல் ஊரார் அவர்களோடு மனங்கலந்து பேசலாயினர். பின்னர்க் கீர்ட்ஸ் பந்தயத் தொகைகளையும் கணக்கிட்டார். எனினும், அங்கே பணயமாய் நின்றது பணத்தினும் மேலாக மானமே எனத் தெளிந்தார். தம் உறவினர் சேவலுக்கு எதிராக எவரும் பணம் கட்டுவதில்லை என்னும் வழக்கம் அதற்குச் சான்றாயிற்று.

ஆயினும், இப்பொருள் ஊராருடையதோ, ஆராய்ந்தவருடையதோ? 1986-இல் வின்சென்ட் கிராப்பன்சானோ என்னும் அறிஞர் இவ்வையத்தை எழுப்பினார். ஊராருள் தனியொருவர் நோக்கும் அக்கட்டுரையில் விளங்கவில்லை என்பது அவர் கூறிய குறை.

ஆதலின், மாணவ நண்பர்காள், பிறரைப் பற்றி எழுதுங்கால் அவர் சொல்லையும் நம் கருத்தையும் வேறுவேறாகக் குறிப்போமாக. நம் கருத்தோடு பொருந்தாத செய்தியை மறையாதிருப்போமாக. யாம் கொண்ட பொருள் தகுமோ என அவரையே மீண்டும் வினவுவோமாக. நாம் பிழைபட உணரின், தாழ்வுறுவது அவர் பெயரன்றோ!